இரண்டு மாத்திரையும் நாலு விரல் துணியும்

பெட்டியின் தலையில் ஒரு அழுத்து, 'டிக்'. இன்னொரு அழுத்து, இன்னொரு 'டிக்'. உளுந்தைவிடச் சின்னதாக இரண்டு வெள்ளைப் பொட்டுகள் காபி நுரையைத் துளைத்துக்கொண்டு இறங்கும். பின்னாலேயே பொடிப்பொடியாகக் குமிழிகள் மேலே வரும். அவை அடங்கும்வரை நீரஜா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள். சர்க்கரைக்குப் பதிலான அந்த மாத்திரை கரைகிறபோதே தன் இடுப்பும் எங்கேயோ கரைந்துகொண்டிருப்பதாக அவளுக்கு ஒரு நினைப்பு. மயிலாப்பூர் வீட்டுச் சமையலறை ஜன்னல் வழியாக மூன்று மணி வெயில் உள்ளே வந்து மேடைமேல் படுத்திருக்கும். அந்த நேரத்தில் யார் என்ன சொன்னாலும் அவள் காதில் ஏறாது.

சர்க்கரை வியாதி எதுவும் அவளுக்கு இல்லை. முப்பத்தெட்டு வயதில் அவளுக்கு மாத்திரை தேவைப்பட்டதற்குக் காரணம் வேறு. அடையாறில் ஜெயலக்ஷ்மி டீச்சர் நடத்தும் நாட்டியப் பள்ளிக்கு அந்தச் செப்டம்பரில் இருபத்தைந்து வருஷம் நிறைகிறது. பழைய மாணவிகள் ஆளுக்கொரு உருப்படி ஆட வேண்டும் என்று முடிவு செய்த டீச்சர், ஜூன் மாதம் ஒருநாள் போன் செய்தார். "நீ பதம் ஆடறே, நீரு. முடியாதுன்னு சொல்லாதே" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு பதினான்கு வருஷமாக அவள் சலங்கை கட்டியதே கிடையாது. ஆனாலும் வாய் முந்திக்கொண்டு சரி என்று சொல்லிவிட்டது.

போனை வைத்த கையோடு பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். அரங்கேற்றத்துக்குத் தைத்த அரக்குப் பட்டு உடை வேட்டித் துணியில் சுற்றியபடி இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தாள். ரவிக்கையின் கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. இடுப்புப் பட்டியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

"புதுசா ஒண்ணு தச்சுக்கோயேன். இதுக்கா இப்படி முகத்தைத் தூக்கி வெச்சிண்டிருக்கே?" என்றான் ஸ்ரீநாத். தேனாம்பேட்டையில் ஆபீஸ், சாயங்காலம் ஆறரைக்கு வீடு, எதற்கும் நேரான பதில் என்று இருக்கிற மனுஷன் அவள் கணவன். அவனிடம் எப்படிச் சொல்வது? பதினாறு வயதில் அந்த அரக்கு உடைக்குள் நின்றவள்தான் ஆடத் தெரிந்தவள். இப்போது கண்ணாடியில் தெரிகிறவள் அவளிடமிருந்து பெயரை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டிருப்பவள் என்று நீரஜா நம்பினாள். அதனால் மனசுக்குள் ஒரு சபதம் போட்டாள். அந்த உடை ஏறினால் மேடை. ஏறவில்லையென்றால் முட்டிவலி என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கைதட்டுவது. அதற்கப்புறம் சலங்கையை யாருக்காவது கொடுத்துவிடுவது.

மறுநாள் உடையை எடுத்துக்கொண்டு தி. நகர் போனாள். உஸ்மான் சாலையிலிருந்து உள்ளே போகிற சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது அன்வர் பாஷாவின் தையல் கடை. நாட்டிய உடை மட்டும்தான் தைப்பார்கள். வெட்டுவது அவர், தைப்பது அவர் மனைவி ஜஹனாரா. நீரஜாவின் உடையை இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் வெட்டியதும் தைத்ததும் அவர்களே.

ஜஹனாரா உடையைப் பிரித்து மடியில் போட்டுக்கொண்டு தடவிப் பார்த்தாள். "இன்னா பண்ணணும்மா இதுக்கு?"

"ஜரிகை விட்டிருக்கு பாருங்கோ, அதைத் தச்சுடுங்கோ. கொக்கியை மாத்துங்கோ. அளவை மட்டும் தொடவே கூடாது. நான்தான் இளைக்கப் போறேன். ஆத்துல இருந்தா தினம் போட்டுப் பாத்து அழுதுண்டிருப்பேன். இங்கேயே இருக்கட்டும். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை வந்து போட்டுப் பாக்கறேன்."

உடையை ஒரு தடவை போட்டுக் காட்டி, கண்ணாடி முன்னால் ரவிக்கையின் இரண்டு ஓரங்களையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்ற நீரஜாவை ஜஹனாரா கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிம்மா" என்று சொல்லி உடையை வாங்கி மடித்து வைத்தாள்.

திரும்பும் வழியில் மாம்பலம் ஸ்டேஷனில், விளக்குகள் மினுக்கிக்கொண்டு நின்ற எடை இயந்திரத்தில் ஏறினாள். ஒரு ரூபாய்க்கு அட்டை விழுந்தது. அறுபத்தாறு கிலோ. கீழே, 'உழைப்புக்கேற்ற பலன் உண்டு' என்று அச்சடித்திருந்தது. உடை ஏறுகிறவரை இந்த இயந்திரத்தின் முகத்தில் முழிப்பதில்லை என்று அப்போதே தீர்மானித்துவிட்டாள்.

மாத்திரை வந்தது அன்று சாயங்காலம். தெருமுனை மருந்துக்கடை மாணிக்கவாசகம் பெட்டியை எடுத்துக் கொடுக்கும்போதே சொன்னார்: "மேடம், இது சர்க்கரையோட இடத்துக்கு வரும். மைசூர்பாகோட இடத்துக்கு வராது." நீரஜா சிரித்துக்கொண்டே வாங்கி வந்தாள். அவர் சொன்னது கடை வாசலோடு நின்றுவிட்டது.

நாளைக்கு ஐந்து காபி. காபிக்கு இரண்டு ஸ்பூன். ஆக, பத்து ஸ்பூன் சர்க்கரை அவள் உடம்பில் சேராமல் வெளியிலேயே நிற்கிறது. அது அவளுக்குப் பெரிய ஆறுதல். பத்து ஸ்பூனை விட்டவளுக்கு நாலு மணிக்கு ஒரு நெய்த் தோசை சாப்பிட உரிமை இல்லையா? சனிக்கிழமை விரதம் என்று சோற்றைத் தள்ளினாள்; சோற்றுக்குப் பதிலாக உப்புமாவும் அடையும் வந்து உட்கார்ந்தன. நியூஜெர்சியிலிருந்து வந்திருந்த தம்பி சாய்நாத், 'டயட்' என்று எழுதிய பன்னிரண்டு கோலா டப்பாக்களைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். ஒரு துளி சர்க்கரை கிடையாதாம். அதைக் குடிக்க வாழைக்காய் பஜ்ஜி வேண்டியிருந்தது.

"இதுல டயட் இருக்கறது டப்பாவா, நீயா?" என்று கேட்டான் ஸ்ரீநாத், அவள் தட்டிலிருந்து ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டே.

பக்கத்து வீட்டு ஜானு மாமி வேறு கிலி ஏற்றினாள். "அந்த மாத்திரையை எலிக்குக் குடுத்துப் பாத்தாளாம்டி. எலிக்கு ஒத்துக்கலையாம்."

"எலி டிகாக்‌ஷன் காபியா மாமி சாப்பிடறது?" என்று கேட்டு நீரஜா அவள் வாயை அடைத்தாள். ஆனால் இனிப்பு இறங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் ஏதோ உலோகத்தைத் தொட்ட மாதிரி ஒரு ருசி கொஞ்ச நேரம் நிற்பது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. தொண்டைக்கு இனிப்பு கிடைத்துவிட்டது, வயிற்றுக்கு எதுவும் வந்து சேரவில்லை என்பதுபோல் ஒரு பசி அதன் பின்னாலேயே வரும். அந்தப் பசியை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலையில் உடையைப் போட்டுப் பார்த்தபோது இடைவெளி மூன்று விரல். நம்ப முடியாமல் கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "பாத்தேளா ஜஹனாரா, காபில சர்க்கரைக்குப் பதிலா மாத்திரை போட்டுக்கறேன், கரையறது!" என்றாள்.

"ஆமாம்மா, நல்லாத்தான் கீது" என்றாள் ஜஹனாரா, வாயில் குண்டூசிகளோடு.

ஜூலைக் கடைசியில் இரண்டு விரல். ஆகஸ்டில் ஒரு விரல். அந்த வாரங்களில் நீரஜா தரையில் நடந்தாளா என்பதே சந்தேகம். மத்தியானம் கண்ணயர்ந்தால் ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தது. தெப்பக்குளத்துத் தண்ணீருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் அவள் ஆடிக்கொண்டிருப்பாள். கால் நனையாது. கரையில் மாட வீதி ஜனங்கள் எல்லாரும் காபி டம்ளரோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். சலங்கைக்குப் பதிலாக 'டிக், டிக்' என்று மட்டும் சத்தம் கேட்கும். விழித்த பிறகும் அந்த மிதப்பு போகாமல் அப்படியே எழுந்து மொட்டைமாடிக்குப் போய், காயப்போட்ட புடவைகளுக்கு நடுவில் பதத்தை ஆடிப் பார்ப்பாள். காற்றில் புடவைகள் வீங்கி வந்து அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போகும். மேலே போகிற மேகம்கூடத் தாளம் பார்த்துக்கொண்டு போகிறதாகத் தோன்றும்.

அது காத்திருக்கிற நாயகியின் பதம். வாசலைப் பார்க்கிறாள், வரவில்லை. பூவைத் தொடுக்கிறாள், வரவில்லை. வந்தால் பேசக்கூடாது என்று நினைக்கிறாள், அப்போதும் வரவில்லை. அடையாறு ஒத்திகையில் அவள் ஆடி முடித்ததும் டீச்சர் நட்டுவாங்கக் கட்டையைக் கீழே வைத்துவிட்டு, "பதினாறு வயசுல இதே பதத்தை ஆடினே. கண்ணை உருட்டினே, கழுத்தை ஆட்டினே. காத்திண்டிருக்கத் தெரியலை. இப்போ தெரியறது" என்றார். நீரஜா அந்தப் பாராட்டையும் கொண்டுபோய் மாத்திரைப் பெட்டியின் கணக்கில்தான் எழுதினாள்.

நிகழ்ச்சிக்கு முந்தைய வியாழக்கிழமை, கொக்கி வளையத்தில் போய் விழுந்தது. எந்த இழுப்பும் இல்லாமல் விழுந்தது. இடுப்புப் பட்டியும் மூடிக்கொண்டது. நீரஜாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஜஹனாராவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். ஜஹனாரா அவள் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டாள்.

உடையைப் பையில் போட்டுக்கொண்டு நேரே மாம்பலம் ஸ்டேஷனுக்குப் போனாள். இயந்திரத்தின் மேல் வலது காலை எடுத்து வைத்து ஏறினாள். சிவப்பு வெள்ளைச் சக்கரம் சுற்றி நின்றது. அட்டை விழுந்தது. அறுபத்தெட்டரை கிலோ. கீழே, 'நினைத்த காரியம் கைகூடும்.'

பையைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு ரூபாய் போட்டாள். அறுபத்தெட்டு. பட்டுக்கு அரைக் கிலோ போயிற்று. மீதி அப்படியே நின்றது. இயந்திரத்துக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு மின்சார ரயில் போகிற சத்தத்தில் சிறிது நேரம் நின்றாள்.

ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. விடிந்ததும் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் ரவிக்கையை விரித்துப் பார்த்தாள். பக்கத் தையலை ஒட்டி, இரண்டு புறமும், மேலிருந்து கீழாக ஒரு பட்டை ஓடியது. உடையின் மற்ற இடமெல்லாம் வெளிச்சமும் வியர்வையும் பட்டு நிறம் இறங்கி, பழைய அரக்காக இருந்தது. அந்தப் பட்டை மட்டும் நேற்றுத் தறியிலிருந்து இறங்கியதுபோல் ஈரம் சொட்டும் அரக்கு. இடுப்புப் பட்டியிலும் அப்படியே. அவளுக்குப் புரிந்துவிட்டது. ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்கிக்கொண்டிருந்தது. அடுப்பில் பொங்கிய பாலை அவள் இறக்கவில்லை. இரண்டரை மாதமாக மிதந்துகொண்டிருந்தவள் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். அவமானமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது.

பத்து மணிக்குக் கடை திறக்கும்போதே படிக்கட்டில் நின்றாள்.

"அளவைத் தொடாதேள்னு சொன்னேனே ஜஹனாரா! புதுத் துணி வெச்சுத் தச்சிருக்கேளே! நான் இளைச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிண்டிருந்தேன். என்னை முட்டாளாக்கிட்டேளே!"

ஜஹனாரா விளக்குப் போட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "குந்து மொதல்ல. புதுத் துணி ஒரு நூலு வெக்கல. அது உன் துணிதாம்மா. அன்னைக்கு அவுரு வெட்டசொல்லோவே உள்ள மடிச்சு வெச்சது."

"எது?"

"எல்லாப் பொண்ணுக்கும் நாலு விரல் உள்ள வெச்சுத்தான் வெட்டுவாரு. பதினாறு வயசுப் பொண்ணு அப்டியேவா நிக்கும்? வளரும், கல்யாணம் ஆவும், புள்ள பெக்கும். மறுபடி ஆட வந்தா துணி பத்தணுமில்ல? இந்தத் தொழில்ல அதான் வழக்கம்."

நீரஜா ரவிக்கையைப் பையிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"ஆனா எவ வரா?" என்றாள் ஜஹனாரா. "பொண்ணுக்குச் சின்னதாக்கிக் குடுன்னு பழசை எடுத்தாருவாங்க. பிரிச்சா, உள்ள அந்த நாலு விரலும் மடிச்சது மடிச்சபடி புதுசாக் கெடக்கும். அதை வெட்டிப் போட எனக்குக் கை வராது. இருவத்தேழு வருசமா தைக்கிறேன். அதே பொண்ணு திரும்பி வந்து, அவளுக்காகவே நான் பிரிச்சு வுட்டது உன் துணி ஒண்ணுதாம்மா."

சந்தில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். நீரஜா மடியில் கிடந்த ரவிக்கையின் அந்தப் பட்டையை விரலால் தடவினாள். இருபத்திரண்டு வருஷமாக அவளுக்காகவே அது உள்ளே மடிந்து கிடந்திருக்கிறது. பெட்டியில், பரணில், இருட்டில். அவள் வருவாள் என்று யாரோ வெட்டும்போதே நினைத்திருக்கிறார்கள். அவளுக்குத்தான் அந்த நினைப்பு இல்லாமல் போயிற்று. கோபம் போன இடம் தெரியவில்லை. அழுகை மட்டும் வந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அப்பவே பையைத் தூக்கிக்கினு போயிருப்ப. அந்த மாத்திரைய நம்பித்தான நீ ஆட ஆரம்பிச்ச? ஆடட்டும்னு வுட்டேன்."

ஜஹனாரா கண்ணாடி டம்ளரில் டீ ஊற்றிக் கொடுத்தாள். நீரஜாவின் கை பழக்கதோஷத்தில் கைப்பைக்குள் போய்ப் பெட்டியைத் தொட்டது. டீயில் ஏற்கெனவே சர்க்கரை போட்டிருந்தது. கையை வெளியே எடுத்துக்கொண்டு ஒரு வாய் குடித்தாள். இனிப்பு இறங்கியது. பின்னால் அந்த உலோக ருசி வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ரவிக்கையை உட்புறமாகத் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னும் உள்ளே ஏதாவது இருக்கா?"

"ஒரு விரல் கீது. அவுரு நாலுக்கு மேல ஒண்ணு சேத்துத்தான் வெட்டுவாரு. அதோட சரி. ஏன், இப்பவே நல்லாப் பத்துதே?"

"பத்தறது. ஆனா பதத்துக்கு நடுவுல ஒரு பெருமூச்சு விடணும். அவன் வரமாட்டான்னு அவளுக்குத் தெரியற இடம். இந்த இறுக்கத்துல மூச்சு பாதியிலயே நின்னுடும்." ரவிக்கையை ஜஹனாராவின் மடியில் வைத்தாள். "அதையும் பிரிச்சுடுங்கோ."

ஜஹனாரா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சின்னக் கத்தரியின் முனையை முதல் தையலுக்குள் விட்டாள்.