பொன்னுதுரை பிரித்துப்போட்ட கூரை

...எட்டு மணி என்றால் எந்த நாளின் எட்டு மணி என்று கேட்டு வைத்திருக்க வேண்டுமோ, மணி பத்தாகப் போகிறது, ஏணி மட்டும் சுவரில் சாய்ந்து நிற்கிறது, அதில் ஏற வேண்டிய ஆளைக் காணோம். ஞானபாய் நடு அறையில் நின்று மறுபடியும் அண்ணாந்து பார்த்தாள், பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் பார்த்தாள், ஓடு இருந்த இடத்தில் வானம், வெறும் வானம் என்றால்கூடப் பரவாயில்லை, கடல் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வருகிற ஐப்பசி வானம்... பன்னிரண்டு நாளாகிவிட்டது, இந்தப் பொன்னுதுரை இரண்டு ஆட்களோடு வந்து, ஏணியடியில் கண்ணை மூடி ஜெபம் பண்ணி, அதைப் பார்த்து அவளுக்கு மனசு குளிர்ந்து, அரை நாளில் அறையின் ஓடுகளை எல்லாம் பிரித்து வெளிச்சுவரோரம் அடுக்கிவிட்டு, ‘மரம் பாத்துட்டு நாளைக்கு வந்துருதேன் டீச்சரம்மா’ என்று போய். வியாழக்கிழமை பஸ் ஸ்டாண்டு பக்கம் அவனைப் பிடித்து நிறுத்திக் கேட்டபோதும் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை, ‘சனிக்கிழம எட்டு மணிக்கு ஒங்க வாசல்ல நிப்பேன், பாருங்க’ என்றான், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். புதன்கிழமை விளாத்திகுளத்திலிருந்து மகள் கிருபை வருகிறாள், எட்டு மாதம், முதல் பிரசவம், இந்த அறையில்தான் அவள் படுக்க வேண்டும், பிறக்கிற பிள்ளையும் இங்கேதான், வேறு எங்கே, முன் அறையில் வருகிறவர் போகிறவர் கால்மாட்டிலா? அப்பா என்று ஒருவர் இருக்கிறார், எபனேசர், புதுத் துறைமுகத்தில் கப்பல் சரக்கு எண்ணுகிறவர், காலையில் சோற்று வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது கூரையைக்கூடப் பார்க்காமல், ‘நீதான ஆளப் பிடிச்ச, நீயே கேளு’ என்றார். நானேதான் கேட்கிறேன், நானேதான் பிடித்தேன், நானேதான்...

பிடிக்கும்போது இன்னொருவனும் இருந்தான், அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. சங்கரலிங்கம், ஏரல் பக்கத்து ஆசாரி, பேச்சே கிடையாது, ஏறி ஓட்டைத் தாங்குகிற ஒரு கைமரத்தில் உளியை வைத்து லேசாக அழுத்தினான், அது அவல் மாதிரி உள்ளே போனது, இறங்கி வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினான், கரையான் தின்ற தூள். ‘இது ஒட்டுப்போடுத வேல இல்ல டீச்சர். ஒரு மரத்த மாத்துனா அடுத்த மரம் போவும். முழுசா எறக்கித்தான் ஏத்தணும்.’ எப்போது ஆரம்பிப்பாய் என்றதற்கு, ‘தை பொறக்கட்டும். மழைக்கு முன்னாடி என்னால முடியாது, முடியும்னு சொன்னா அது பொய்’ என்றான். அவளுக்கு எவ்வளவு கோபம் வந்தது அன்றைக்கு, திமிர் பிடித்தவன், எல்லோருமே அப்படித்தான் ஆகிவிட்டார்கள், புதுத் துறைமுகம் வந்ததிலிருந்து கொத்தனாரும் ஆசாரியும் அங்கேதான், ஊர்க்காரன் வீட்டு ஓட்டுக்கு எவன் வருகிறான், என்று பள்ளிக்கூடத்தில் போய்ப் பொரிந்து தள்ளினாள், அப்போதுதான் ஜீவமணி அக்கா, நாலாம் வகுப்பு டீச்சர், கோயிலில் அடுத்த பெஞ்சில் உட்காருகிறவள், பொய் சொல்லத் தெரியாத முகம், ‘நம்ம பொன்னுதுரையக் கூப்பிடு ஞானம். எங்க வீட்டு வேல அவந்தான். நல்ல ஆளுதான்’ என்றாள். நல்ல ஆள்தான்! அந்த ஒரு வார்த்தைக்கு மேல் எதையாவது கேட்டாளா? மரம் என்ன மரம், எத்தனை நாளில் முடித்தான், ஒன்றும் கேட்கவில்லை, அக்கா வீட்டுக்கு ஒரு நடை போய் மேலே பார்க்கக்கூடத் தோன்றவில்லை...

இப்போது தோன்றுகிறது. கதவைச் சாத்திப் பூட்டும்போது சிரிப்பு வந்தது, மேலே திறந்து கிடக்கிற வீட்டுக்குப் பூட்டு. வெயில் புழுங்கியது, காற்றில் உப்புப் பிசுபிசுப்பு, ஜீவமணியிடம் சண்டை போடப் போகவில்லை, அவன் எங்கே வேலை பார்க்கிறான் என்று கேட்கத்தான் போகிறேன், குரலை உயர்த்தக் கூடாது, திங்கட்கிழமை ஒரே ஸ்டாஃப் ரூமில் முகம் பார்க்க வேண்டும். மூன்று தெரு தாண்டித் திரும்பியதும் அக்கா வீடு தெரிந்தது, கூரை தெரிந்தது, ஞானபாய் அப்படியே நின்றுவிட்டாள். பாதி ஓடு, பாதி தார்ப்பாய். தார்ப்பாய் மேல் கருங்கல் வரிசை, ஒரு முனை காற்றில் பட்பட்டென்று அடிக்கிறது, அதன் நிறம் வெளுத்துப் போயிருக்கிறது, நேற்று விரித்த தார்ப்பாய் இல்லை அது.

அக்கா வாசலுக்கு வந்தாள், முந்தானையில் கையைத் துடைத்தாள், அண்ணாந்து நிற்கிறவளைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. ‘எவ்வளவு நாளாக்கா?’ ‘சித்திரையில பிரிச்சான்.’ ‘சித்திரையிலயா! பொறவு எதுக்கு எங்கிட்ட நல்ல ஆளுன்னு சொன்னிய?’ ‘ஒங்க வீட்டு வேலய எடுத்தாம்னா தெனமும் இந்தப் பக்கம் வருவாம்லா ஞானம். அப்பம் பிடிச்சு நிறுத்தி எனக்கும் முடிச்சிரச் சொல்லலாம்னு... ஒன்னக் கெடுக்கணும்னு இல்லளா. காபி போடுதேன், உள்ள வா.’ காபியா! உள்ளே போகவில்லை, என்ன சொன்னோம் என்றும் நினைவில்லை, ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள், இப்படியும் ஒருத்தி செய்வாளா, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துப் பாடியவள், கிருபை கல்யாணத்துக்குப் பந்தி விசாரித்தவள், அந்தப் பிள்ளை தலைக்கு மேல் மழை விழும் என்று தெரிந்தே... நானாக இருந்தால் நாக்கு எழும்பியிருக்காது, தெரியாது என்றாவது சொல்லியிருப்பேன், சத்தியமாகச் சொல்லியிருப்பேன். இனி என்ன, எபனேசரிடம் துறைமுகத்திலிருந்து ஒரு தார்ப்பாய் கேட்கச் சொல்ல வேண்டும், சங்கரலிங்கத்தின் காலில் விழ வேண்டும், கிருபை மாமியாருக்குத் தந்தி அடித்துப் பிள்ளையை அங்கேயே வைத்துக்கொள்ளச் சொல்லலாமா, சொன்னால் அந்தம்மா வாய்க்கு...

‘டீச்சர்!’ ஞானபாயின் தெருக்கோடி வீட்டுப் பிளாரன்ஸ், போன மாதம்தான் குடிவந்தவள், இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, ஓட்டமாக வந்து மூச்சு வாங்கினாள். ‘ஒங்க வீட்டுல ஓடு அடுக்கிக் கெடக்கே, கூர வேல பாக்காவளா? எங்க வீட்டுல ஒரு மழைக்கே அடுப்பு நனைஞ்சுபோச்சு டீச்சர். ஊருக்குப் புதுசு, யாரையும் தெரியல. அந்த ஆளு எப்பிடி?’

தெருவிலிருந்து பார்த்தால் முன்பக்க ஓடு அப்படியே இருக்கிறது, பின்னால் திறந்து கிடப்பது இவளுக்கு எப்படித் தெரியும், பாவம், சொல்லிவிட வேண்டியதுதான், அவன் பக்கமே போகாதே என்று, ஒரு வார்த்தை... அவன் தினமும் தெருக்கோடிக்குப் போக வேண்டுமென்றால் என் வாசலைத் தாண்டித்தான்...

‘வேல தெரிஞ்ச ஆளுதான்’ என்றாள் ஞானபாய்.

சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே திக்கென்றது. பிளாரன்ஸ் முகம் அப்படியே தெளிந்தது, ‘நல்லாருப்பிய டீச்சர், இவுககிட்டச் சொல்லுதேன்’ என்று குழந்தையைத் தூக்கிச் சரிசெய்துகொண்டு திரும்பி நடந்தாள். பத்தடிதான், கூப்பிட்டால் கேட்கும். அக்காவும் அன்றைக்கு எதையும் திட்டம் போட்டுச் சொல்லவில்லையோ, இப்படித்தான் அவளுக்கும் வாயில் வந்ததோ, வந்த பிறகுதான் அது என்னவென்று தெரிந்ததோ... பிளாரன்ஸ் என்று கூப்பிடத்தான் ஞானபாய் நின்றாள், அவள் இருபதடி போய்விட்டாள், இன்னும் கேட்கும், கூப்பிட வேண்டும் என்றுதான் நின்றுகொண்டிருந்தாள்.