வேர்ப்புழுவும் வெடக்கோழியும்

சௌந்திரம் மேய்ச்சல் காட்டில் குனிந்து ஒரு பிடி புல்லை இழுத்தாள். அது அப்படியே கையோடு வந்துவிட்டது. வேரே இல்லை. அடி மண்ணில் வெள்ளைப் புழு ஒன்று விரல் பருமனில் சுருண்டு கிடந்தது, தலை மட்டும் செங்கல் நிறம். அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். வேரைத் தின்றா இப்படிக் கொழுத்திருக்கிறது, சனியன்!

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. எடப்பாடிக்கு மேற்கே, கிளுவை வேலிக்குள் இருந்த அந்தக் கொழுக்கட்டைப் புல்தான் அவர்கள் மாடுகளுக்கு உயிர். அது திட்டுத் திட்டாகக் கருகிக்கொண்டு வந்தது. அவள் புருஷன் காளியப்பன் முதலில் வெயிலைத் திட்டினான், பிறகு ஊர்க்கண்ணைத் திட்டினான், கடைசியில் செவலைப் பசுவை அவள் அண்ணன் வீட்டுக்கு ஓட்டிவிடுவது என்று முடிவு செய்தான். செவலை அவளுக்குப் பிறந்த வீடு கொடுத்த சீர். இப்போது நிறைசினை வேறு.

"சீரா வந்த மாட்டைத் திருப்பி ஓட்டறதுங்களா? எங்கண்ணி மூஞ்சில நா எப்படிங்க முழிப்பேன்?"

"பட்டினி போட்டுக் கொல்றதுக்கு அது தேவலை. உங்கண்ணனுக்குச் சொல்லி உட்டாச்சு. வெள்ளிக்கிழமை வந்து ஓட்டிக்குவாரு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காட்டில் பொறுக்கி மடியில் கட்டி வந்த புழுக்களை வாசலில் விசிறி எறிந்தாள். கோழிகள் பாய்ந்து வந்தன. இன்னும் முட்டைக்கு வராத ஒரு வெடக்கோழி தொண்டை அடைக்க விழுங்கிவிட்டு, மிச்சம் எங்கே என்று அவள் காலையே கொத்தியது. கோபத்திலும் சிரித்துவிட்டாள். இதைக் காட்டுக்கே கொண்டுபோனால் என்ன?

அவிழ்த்துவிட்டால் வீடு திரும்பிவிடும், இல்லையென்றால் பருந்து தூக்கிவிடும். அதனால் கோழி கவிழ்க்கும் பஞ்சாரத்தையே எடுத்துப் போய், கருகிய திட்டின்மேல் கோழியோடு கவிழ்த்தாள். கோழி சும்மா உட்கார்ந்திருந்தது. அவள் களைக்கொத்தால் தோண்டிப் பார்த்தாள். வெயிலுக்குப் பயந்து புழுக்கள் ஆழத்துக்குப் போயிருந்தன. மறுநாள் விடிந்ததும் தண்ணீர் ஊற்றி ஈரமாக்கிப் பார்த்தாள். மெதுவாக மேலே வந்தன. கோழி பரக்பரக்கென்று சீய்க்கத் தொடங்கியது.

"ஏனாயா, மாட்டுக் காட்டுல கோழிக்கென்ன சோலி?" என்றாள் வேலிக்கு அப்பால் சுப்பம்மாள்.

"விருந்துங்க்கா!"

"மாடு கட்டிக் கவலையில எறைக்கற கெணத்துத் தண்ணி மொளகாய்க்கே பத்தல" என்று முனகிய காளியப்பன், யாரும் பார்க்காதபோது பஞ்சாரத்தைத் தூக்கி எட்டிப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை அண்ணன் தோளில் மாடு ஓட்டும் தும்புக்கயிற்றோடு வந்தான். ஒரு மூலைதான் சுத்தமாகியிருந்தது. அதிலும் புல் துளிர்க்கவில்லை, வெறும் மண். சௌந்திரம் பசுவைப் பற்றிப் பேசாமல் அவனைப் பஞ்சாரத்தண்டை கூட்டிப் போனாள். அவன் குந்திப் பார்த்தான். எழவே மனமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோழி எத்தனை இருக்குது அம்மிணி?"

"மூணேதாங்கண்ணா. இதுக ஒரு மூலைய முடிக்கறதுக்குள்ள புழு மீதிக் காட்டத் தின்னுரும்." அதற்குமேல் முடியாமல் அழுதுவிட்டாள்.

அவன் எழுந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனான். பசுவையும் ஓட்டவில்லை, சாப்பிடவும் இல்லை. கோபித்துக்கொண்டானோ என்று இருவருக்கும் பொழுது முழுக்கக் கலக்கம்.

மறுநாள் காலை அவன் வண்டி காட்டுக்கே வந்தது. வண்டி நிறையக் கால் கட்டிய கோழிகள், கவிழ்க்கப் பஞ்சாரங்கள்.

"உங்கண்ணி ஊரு பூராக் கேட்டு வாங்கியாந்தா. மழை பேஞ்சதும் அவங்கவங்க கோழிய அவங்கவங்களுக்குத் தந்தரோணுமாமா."

காளியப்பன் யாரும் சொல்லாமலே புல்காட்டை நனைக்கக் கவலைக்கு மாடு பூட்டப் போனான். சௌந்திரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டுகளை அவிழ்த்துப் பஞ்சாரங்களுக்குள் விட்டாள். மரத்துப்போன காலோடு கோழிகள் கொஞ்ச நேரம் தள்ளாடின. அதில் ஒரு கருங்கோழி மட்டும் ஈர மண்ணருகே போய், தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் தரையை உற்றுப் பார்த்தது.