கம்பியில் காய்ந்த விரிப்புகள்

எங்கள் ஊருக்கு ரயில் வந்ததே கல் குவாரிக்காக. குவாரி மூடியதும் ரயிலும் நின்றது. சிக்னல் லிவர் இழுப்பது அப்பாவின் வேலை. அவர் போன பிறகும் நாங்கள் ஸ்டேஷனை விட்டுப் போகவில்லை. டிக்கெட் கவுன்ட்டர்தான் என் அடுப்படி.

நான் லாட்ஜ் விரிப்புகளைத் துவைத்துப் பிழைக்கிறவள். லிவரிலிருந்து சிக்னலுக்குப் போகும் கம்பி பிளாட்பாரத்தை ஒட்டி இடுப்புயரத்தில் ஓடுகிறது. லிவரை இழுத்துக் கயிற்றால் கட்டிவிட்டால் கம்பி விறைத்து நிற்கும், எத்தனை விரிப்பு போட்டாலும் தொய்யாது. அந்தப் பக்கம் சிக்னல் கை மட்டும் 'வரலாம்' என்று இறங்கியே கிடக்கும். வராத ரயிலை வரச் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்?

"அந்தக் கயித்த அவுத்து விடுக்கா, பயமாயிருக்கு" என்பாள் தங்கை. போடி பைத்தியம் என்பேன்.

அன்று, நிறைமாதமாயிருந்த அவளுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது. ராத்திரி பெய்த மழை ரோட்டை அரித்துவிட்டதால் வண்டி எதுவும் வராது. ஊரார் தண்டவாளத்தில் மூட்டை தள்ளும் பலகை வண்டியில் அவளைப் படுக்க வைத்து, அவள் புருஷன் டவுன் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு பின்னால் ஓடலாம் என்று நான் உள்ளே நுழைந்தேன்.

அப்போதுதான் ஹாரன் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பலகை வண்டி ஸ்டேஷனுக்கு அடுத்த பாலத்தின் நடுவில். பாலத்துக்கு அப்பால் சிக்னல், அதற்கும் அப்பால் ஒரு இன்ஜின் வந்துகொண்டிருந்தது. தண்டவாளத்தைப் பெயர்க்க வந்தவர்கள் என்று பிறகுதான் தெரிந்தது; எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாவிகள். அந்தப் பாலத்தில் ஒதுங்க இடமே கிடையாது.

லிவரிடம் ஓடினேன். மழையில் ஊறிய முடிச்சு இரும்பாக இறுகியிருந்தது. நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். கத்தரிக்கோலை எடுத்து அறுத்தேன், அறுத்தேன். கயிறு தெறித்தது. லிவர் படாரென்று பின்னால் போக, விரிப்புகள் மொத்தமும் சேற்றில் சரிந்தன.

சிக்னல் கை 'நில்' என்று மெல்ல ஏறியது. பிரேக் கிறீச்சிட்டு, இன்ஜின் சிக்னலடியில் நின்றது.

தங்கையை இன்ஜினிலேயே ஏற்றி டவுனுக்குப் பின்னோக்கி ஓட்டப் போனார் டிரைவர். நானும் ஓடிப்போய்த் தொற்றி ஏறிக்கொண்டேன். அவர் முகமெல்லாம் வேர்வை.

"நல்லவேளைம்மா, கை ஏறுச்சு. 'வா'ன்னு இருந்ததால வேகமாத்தான் வந்தேன். யாரும்மா அதை எறக்கி வச்சது?"

தங்கை அந்த வலியிலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியலைங்க" என்றாள்.