முருகன் தலைவர், தம்பித்துரை செயலாளர்

"அப்ப முருகனுக்குக் குளிராதோ, அண்ணை?"

"அதை அவரிட்டையே கேட்டாச்சு, யோகம். கூடத்துக்குச் சூடு தாற ஹைசுங்கைத் திருத்த நேரம் வரேல்லை எண்டு பூ சொல்லிப்போட்டுது. நீர் ஏன் என்னோடை கொழுவுறீர்? தலைவரோடை கொழுவும்," என்றார் தம்பித்துரை.

தலைவர் கருவறையில் வேலோடு நின்றார். யாரோ அவருக்குக் கம்பளிச் சால்வை போர்த்தியிருந்தார்கள்.

ஜெர்மனியின் வுப்பர்டாலில் அந்தக் கோயில் ஒரு பழைய தையல் தொழிற்சாலைக்குள் இருந்தது. முந்தைய நிர்வாகத் தேர்தலில் பிளாஸ்டிக் கதிரைகள் பறந்தபோது, தோற்கப்போவது தெரிந்த தம்பித்துரை மைக்கைப் பிடித்தார். "மனிசர் ஆண்டால் சண்டைதான். இனி முருகனே ஆளட்டும்!" முருகனுக்கு எதிராக யார் கை தூக்குவது? கூடம் அரோகரா என்றது. தலைவருக்கு ஒரு செயலாளர் வேண்டுமே என்று அடுத்த மூச்சில் அவர் சொன்னதும் அதே அரோகராவில் நிறைவேறிவிட்டது. சங்கங்களைப் பதியும் ஜெர்மன் அலுவலகம் தலைவரின் பிறந்த தேதியைக் கேட்டதால், அங்கே மட்டும் தலைவர் என்று ஐயரின் பெயர் போனது.

அன்றிலிருந்து ஆட்சி பூவால் நடந்தது. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, சமையலறைத் தாளில் தனித்தனிப் பொட்டலமாகத் தட்டில் இருக்கும். ஐயர் கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை என்றால் சம்மதம். சிவப்பு என்றால் நேரம் வரவில்லை, வேண்டுமானால் அடுத்த மாதம் திரும்பக் கேட்கலாம். இந்தச் சட்டம் தம்பித்துரை போட்டது. பூவில் களவே இல்லை. கேள்வியை மட்டும் அவர் கேட்பார். வாசலடியில் தன் காருக்கு இடம் வேண்டும் என்று மாதா மாதம் விடாமல் கேட்டார். முருகன் கடைசியில் தந்தார். ஹைசுங்கைப் பற்றி ஒரேயொரு தடவை கேட்டார். சிவப்பு வந்தது. அதோடு மறந்துபோனார்.

அவர் வேலைசெய்யும் கிடங்கில் எல்லாரும் அவர் பெயரைப் பாதியில் வெட்டி 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். கோயிலில் மட்டும்தான் அவர் முழுப் பெயரோடு இருந்தார்.

யோகம் அங்கே பிள்ளைகளுக்கு நடனம் பழக்குபவர். தரை குளிர்ந்ததால் பிள்ளைகள் சப்பாத்தோடு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"சரி அண்ணை. இண்டைக்குக் கேள்வி நான் கேக்கிறன்."

"அது ஏலாது. செயலாளரின்ர வேலையெல்லே!"

"அப்பிடி முருகன் சொன்னவரோ?"

கூடம் சிரித்தது. யோகம் தட்டின் முன்னால் போய்க் கைகூப்பினார்.

"முருகா, தம்பித்துரை அண்ணை பதவியை விடலாமோ?"

பின்னாலிருந்து யாரோ பழக்கதோஷத்தில் அரோகரா என்றார்கள்.

தம்பித்துரை முதலில் சிரித்தார். பிறகு யோசித்தார். வெள்ளை வந்தால் இன்றோடு சரி. சிவப்பு வந்தால்...

"அடுத்த மாதம் திருப்பிக் கேப்பன், அண்ணை," என்றார் யோகம், அன்பாக. "அதுக்கடுத்த மாதமும் கேப்பன். உங்கட சட்டம்தானே."

ஐயர் கண்ணை மூடினார். கை தட்டை நோக்கி இறங்கியது. தம்பித்துரை மெல்லக் கருவறைப் பக்கம் சரிந்தார்.

"முருகா, பூவை விடு. இண்டைக்கு மட்டும் வாயைத் திறந்து, 'தம்பித்துரை இருக்கட்டும்' எண்டு ஒரு சொல்லுச் சொல்லிவிடன்."