எலென் தூக்கிய கோப்பை

இன்றைக்கு வாயைத் திறப்பதில்லை என்று மாதா மேல் சத்தியம் செய்துகொண்டுதான் தம்பியின் கல்யாண விருந்துக்கு எலென் வந்திருந்தாள். தாயில்லாத அந்தத் தம்பி அகுஸ்தேனை வளர்த்து ஆளாக்கியவள் அவள். வியட்நாமின் சைகோனைவிட்டுப் பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டுகிற ஐம்பத்தைந்தாம் வருஷம் அது. தம்பியும் ஜிசேலைக் கட்டிக்கொண்டு அடுத்த வாரம் பிரான்சின் மார்சேய்க்குக் கப்பல் ஏறுகிறான். அக்காளுக்கு டிக்கெட் இல்லை. 'நீயும் வா' என்று ஒரு வார்த்தை? அதுவும் இல்லை. எல்லாம் வந்தவள் செய்கிற வேலை என்று எலெனுக்கு வயிறு எரிந்தது.

சோறு பரிமாறும்போதே, அரசாங்கப் படையும் கலகக்காரர்களும் மோதிக்கொண்டிருந்த சோலோன் பேட்டைப் பக்கம் பீரங்கி முழங்கியது. அடுத்த குண்டு தெருமுனையில் விழுந்து, ஜன்னல் கண்ணாடி நொறுங்கிக் கொட்டியது. உயிர்ப்பயம் வந்தால் புத்தி வேலை செய்யுமா? பிள்ளைகளை இடுக்கிக்கொண்டு அத்தனை பேரும் வாசலுக்குப் பாய்ந்தார்கள். வெளியே துப்பாக்கி படபடக்கிறது, எங்கே போகிறார்களாம்!

சைகோனில் குடியேறிய புதுச்சேரிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. விருந்தில் ஒருவர் கோப்பையைத் தூக்கி வாழ்த்த ஆரம்பித்தால், அவர் குடித்து முடிக்கும்வரை யாரும் இடத்தைவிட்டு எழக்கூடாது. எழுந்தால் தம்பதிக்கு ஆகாது. எலென் நாற்காலிமேல் ஏறிக் கோப்பையைத் தூக்கினாள்.

"என் தம்பிக்கு வாழ்த்துச் சொல்லப்போறேன். எல்லாரும் வந்து ஒக்காருங்க!"

திட்டிக்கொண்டேதான் உட்கார்ந்தார்கள். ஐயோ, இனி என்னத்தைச் சொல்வது? அவனுக்கு அம்மை போட்டது, பள்ளிக்கூடச் சுவரேறிக் குதித்துக் காலை உடைத்துக்கொண்டது, முதல் சம்பளத்தில் அவளுக்குக் குடை வாங்கி வந்தது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னாள். கை கடுத்தது, தொண்டை வறண்டது. நிறுத்தினால் ஓடிவிடுவார்கள். சொல்ல அந்த ஒன்றைத் தவிர வேறெதுவும் மிச்சமில்லை.

"இவன் போயிட்டா நான் யாருக்குச் சமைப்பேன்? இந்த ஊர்ல எனக்கு யாரு இருக்கா? என்னையும் கூட்டிட்டுப் போன்னு கேக்க வெக்கமா இருக்கு. அந்தப் பொண்ணுக்கு நான் வர்றது பிடிக்கல போல..."

அதற்குமேல் பேச முடியாமல் அழுகை முட்டியது. கூடத்தில் ஒரு சத்தமில்லை. வெளியேயும்தான்.

"சுடுறது நின்னு ரொம்ப நேரமாச்சு அண்ணி," என்றாள் ஜிசேல், உட்கார்ந்த இடத்திலிருந்தே. "நீங்க சொல்லி முடிக்கட்டும்னு நாந்தான் யாரும் பேசாதீங்கன்னு கைகாட்டினேன். உங்களுக்கும் சேத்து டிக்கெட் எடுங்கன்னு எத்தன தடவ சொன்னேன்! அக்காவக் கேட்டேன், வரமாட்டேன்னுட்டாங்கன்னுல்ல இவரு சொன்னாரு?"

எலென் தம்பியைப் பார்த்தாள். அவன் தலை நிமிராமல் மேசைவிரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தான்.