பொருந்தாத ரேம்

கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்தவள், உள்ளே பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். திருப்புளி விரலிடுக்கிலேயே இருந்தது.

கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். மூன்று மணிக்கு வண்டி வந்துவிடும். அதற்குள் அப்பாவின் நல்ல படம் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டுத் தலைமாட்டில் வைக்க வேண்டும் என்றான் தம்பி. கைபேசிகளில் இருந்ததெல்லாம் ஆஸ்பத்திரியில் எடுத்த முகம். நல்ல படம் அப்பாவின் கணினியில்தான் இருந்தது. அதுவோ படங்களைத் திறக்கப்போனால் பத்து நிமிடம் உறுமிவிட்டுப் பாதித் திரையில் உறைந்துபோனது. அதனால்தான் பிரித்தாள்.

பழைய கணினிகளைச் சாகவிடாமல் வைத்திருப்பதுதான் அவள் பிழைப்பு. ஆலைகளில் கண்ணாடி வெட்டும் இயந்திரம், நூல் சுற்றும் இயந்திரம் என்று இருபது வருடத்துச் சாமான்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றோடு பேசத் தெரிந்த கணினி படுத்துவிட்டால் இயந்திரமும் பழைய இரும்புதான். மதர்போர்டைப் பார்த்த மாத்திரத்தில் எந்த நினைவகப் பட்டை, அதாவது ரேம், அதற்கு ஒத்துப்போகும், எது முரண்டு பிடிக்கும் என்று சொல்லிவிடுவாள். அப்பாவின் போர்டு விஷயத்தில் மட்டும் மூன்று முறை தோற்றுப்போயிருந்தாள். அப்படித்தான் இந்த நிமிடம்வரை நினைத்திருந்தாள்.

போர்டில் ரேம் செருக நான்கு ஸ்லாட்டுகள். இரண்டு மஞ்சள், இரண்டு கறுப்பு. மஞ்சள் இரண்டிலும் பழைய ரேம் இருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது. மற்ற மஞ்சள் ஸ்லாட் துடைத்து வைத்ததுபோல் காலியாக இருந்தது. கறுப்பு இரண்டிலும் வருடக்கணக்கான தூசி கம்பளி போல் படிந்து, கலையாமல் கிடந்தது. ஒரே ஒரு முறை ரேமை வைத்து அழுத்தியிருந்தால்கூட அந்தத் தூசியில் ஒரு கோடு விழுந்திருக்கும்.

அப்பா குடிநீர் வாரியத்தில் முப்பத்தைந்து வருடம் வால்வு திறந்து மூடியவர். தெருவில் எல்லாருக்கும் அவர் வால்வுக்காரர். எந்தச் சாலைக்கு அடியில் எந்தக் குழாய், எந்த மூலையில் வால்வு புதைந்து கிடக்கிறது என்பது அலுவலக வரைபடங்களில் பாதிதான் உண்டு. மீதி அவர் தலையில் இருந்தது. ஓய்வு பெற்ற மறு மாதமே அதையெல்லாம் கணினியில் வரைய உட்கார்ந்துவிட்டார். "நான் போயிட்டா இவனுங்க ஊரையே தோண்டிப் போட்டுருவானுங்க" என்று சிரிப்பார். வரைபடம் வளர வளர கணினி திணறியது. புதியது வாங்கலாமென்றால் அவர் பழகிய வரையும் மென்பொருள் புதியதில் ஏறாது. ரேமைக் கூட்டுவது ஒன்றுதான் வழி.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டு, தம்பி கழற்றிக் கொடுத்த பழைய ரேமில் ஒட்டியிருந்த எழுத்துகளை எல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துக் காட்டினார். சிப்புகளை எண்ணச் சொன்னாள். இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் எட்டு என்றார், பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பதுபோல. விலை மலிவாகக் கிடைக்கும் ரேம்களில் பாதி இந்த மாதிரி போர்டில் உயிர் பிடிக்காது. சிப்பு எண்ணிக்கை, வேகம், மின்னழுத்தம் எல்லாம் பார்த்துப் பொறுக்கி ஒரு ஜோடி அனுப்பினாள். அப்பாவுக்குக் கை நடுங்கும் என்பதால் செருகுவது தம்பி பொறுப்பு. மஞ்சளில் இருப்பதைத் தொடாதே, புதியதைக் கறுப்பில் போடு என்று சொல்லியிருந்தாள்.

இரண்டு நாள் கழித்துத் தம்பி கூப்பிட்டான். "மூணு தடவை பீப் அடிக்குது அக்கா. திரையே வரல."

ரேம் ஒத்துப்போகவில்லை என்று போர்டு சொல்லும் விதம் அது. வேகம் குறைந்த இன்னொரு ஜோடி அனுப்பினாள். அதற்கும் மூன்று பீப். மூன்றாவது முறை, பழைய சாமான் கடைகளை எல்லாம் அலசி, அதே மாடல் போர்டு ஒன்றைத் தேடிப் பிடித்து, ரேமை அதில் போட்டு ஒரு பகல் முழுக்க ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் அனுப்பினாள். தம்பி மறுபடியும் அதையே சொன்னான்.

அதன் பிறகு அப்பா பேசினார். "விட்டுடும்மா. உனக்கு ஆயிரம் வேலை. அவசரத்துல எதையோ எடுத்து அனுப்பியிருப்ப."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சுருக்கென்றது. அந்த ஓட்டைப் பெட்டியைக் கட்டிக்கொண்டு நீங்களே அழுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள். மூன்று வாரம் கூப்பிடவில்லை. நேற்று மதியம் தம்பிதான் கூப்பிட்டான்.

இப்போது அவன் கதவருகே வந்து, படம் கிடைத்ததா என்று கேட்டான். அவள் பெட்டியை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

"கறுப்பு ஸ்லாட்ல எப்பப் போட்ட?"

அவன் பெட்டிக்குள் பார்த்தான். பிறகு தன் கால்விரல்களைப் பார்த்தான். அலுவலகத்தில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிறவன். இப்போது கதவு நிலையில் உரிந்திருந்த பெயின்ட்டை நகத்தால் சுரண்டினான்.

"பீப் சத்தம் எங்க கேட்டுச்சு உனக்கு?"

"அக்கா, ஆளுங்க இருக்காங்க. அப்புறம் பேசலாம்."

"மஞ்சள்ல இருந்த இன்னொரு ரேமையும் நீதான எடுத்த?"

அம்மா எப்போது வந்து நின்றாள் என்று இருவருக்கும் தெரியவில்லை. அழுது ஓய்ந்த முகம். உள் அறைக்குப் போய் அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தாள். போர்வைகளுக்கு அடியிலிருந்து மூன்று உறைகளை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். ஒட்டிய டேப் ஒட்டியபடி இருந்தது. 'கறுப்பில் போடவும்' என்ற மகளுடைய கையெழுத்தே மூன்றின் மேலும்.

"அவனைக் கேக்காத. நான்தான் சொன்னேன்" என்றாள் அம்மா.

சித்திரை முதல் வாரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோதே டாக்டர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாராம், இதயம் பாதிதான் வேலை செய்கிறது, நாள் முழுக்க உட்கார்ந்த இடத்திலேயே இருக்கக் கூடாது என்று. இவர் கேட்டால்தானே. கூப்பிட்டால் இதோ இதோ என்பார், சோறு ஆறிப்போகும். புது ரேமைப் போடாமல், இருந்ததிலும் ஒன்றைக் கழற்றிப் பெட்டியை ஓடவிடாமல் செய்தால் மனிதர் எழுந்து வருவார், நாலு வார்த்தை பேசுவார் என்று நினைத்தாளாம். இதையெல்லாம் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ உங்கப்பா பக்கம்தான் நிப்ப" என்றாள் அம்மா. "எப்பவும் அப்படித்தான்."

"அதுக்கு என்னைக் கையாலாகாதவளா ஆக்கிட்டீங்க. நான் ஏனோதானோன்னு அனுப்பினேன்னு நெனச்சிட்டே போயிட்டாரு."

தம்பி வாயைத் திறந்தான். "அவர் அப்படியெல்லாம் நினைக்கல அக்கா."

"என்கிட்டயே சொன்னாருடா."

கூடத்தில் யாரோ நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. தம்பி கதவை ஒருக்களித்துச் சாத்தினான்.

அவள் மூன்றாவது உறையைக் கிழித்தாள். கறுப்பு ஸ்லாட்டுகளின் தூசியை ஊதிவிட்டு, பல்துலக்கும் பழைய தூரிகையால் தேய்த்து, ரேமை நேராக வைத்து இரு பெருவிரலாலும் அழுத்தினாள். இரண்டு பக்கக் கொக்கிகளும் டிக்கென்று தாமாக எழுந்து பிடித்துக்கொண்டன. அடுத்ததும் அப்படியே. மின்சாரத்தைக் கொடுத்தாள். ஒரே ஒரு பீப். அது எல்லாம் சரி என்று சொல்லும் பீப். ஒரு நிமிடத்துக்குள் திரை விரிந்தது.

தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

படம் இருந்த கோப்புறையைத் தேடப்போனவள் வேறொன்றைக் கண்டாள். ஊர் முழுவதுமான பெரிய வரைபடம் சித்திரையோடு நின்றிருந்தது. அதன் பக்கத்தில் புதிதாக ஒரு கோப்புறை. உள்ளே நூற்று நாற்பத்து மூன்று சின்னக் கோப்புகள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு தெரு. திணறுகிற பெட்டி தாங்குகிற அளவுக்கு ஊரைத் துண்டு துண்டாக நறுக்கி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கிறார். ஒன்றைத் திறந்தாள். விளக்குக் கம்பத்திலிருந்து வால்வுக்கு எத்தனை அடி, எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் திருகினால் மூடும், எல்லாம் இருந்தது. சில கோடுகள் நடுங்கியிருந்தன. அவற்றை அழித்து மறுபடி போட்டிருந்தார்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அருகே குனிந்தாள். "இது எப்பப் போட்டது?"

கோப்புகளுக்கு எதிரே சேமித்த நேரம் இருந்தது. பத்து மணி ஐந்து நிமிடம். பத்து இருபது. பத்து ஐம்பது. எல்லா நாளும் பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில்.

"நான் காய் வாங்கப் போற நேரம்" என்றாள் அம்மா.

கடைசிக் கோப்பில் நேற்றைய தேதி, பத்து நாற்பது. அம்மா பதினொன்றே காலுக்குத் திரும்பி வந்தபோது அப்பா கட்டிலில் படுத்திருந்தார். லேசாக அசதி என்றாராம். வெளியே எங்கேயாவது நடந்தீர்களா என்று அம்மா கேட்டதற்கு, ஆமாம், கொஞ்ச தூரம் என்று சொன்னாராம்.

அம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

மகள் படங்கள் இருந்த கோப்புறையைத் தேடித் திறந்தாள். படத்தை எடுத்துக் கொடுத்தாள். தம்பி அதை அச்சடிக்க ஓடினான். மேசைமேல் மிச்சமிருந்த இரண்டு உறைகளைத் தன் கைப்பைக்குள் வைத்து மூடினாள்.

வண்டி மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டது. அப்பாவை ஏற்றினார்கள். பின்னால் வரும் வாடகைக் காரில் அம்மா முதலில் ஏறினாள். அவளை அடுத்து தம்பி உட்கார்ந்து, அக்காவுக்கு இடம் விட்டு நடுவுக்கு நகர்ந்து, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தான்.

அவள் காரைச் சுற்றிப் போய் முன்கதவைத் திறந்து ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெல்ட்டை இழுத்து மாட்டினாள். பின்கதவு இன்னும் கொஞ்ச நேரம் திறந்தே இருந்தது. ஓட்டுநர் கண்ணாடி வழியாக ஒருமுறை பார்த்தார். பிறகு யாரோ அதை உள்ளிருந்து மெதுவாக இழுத்துச் சாத்தினார்கள்.