பதினைந்து நிமிடத் தொலைவு

என் தங்கை புருஷனுக்கு அலுவலகத்தில் 'டமாரம்' என்று பெயர். நடுக்கடலில் ஆய்வுக் கப்பலிலிருந்து ஒலிக்கருவியை ஆழத்தில் இறக்கி முழங்க வைப்பது அவன் வேலை. கரையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்பது என் வேலை. சொந்தக்காரர்களைப் பொறுத்தவரை இரண்டுமே சம்பளத்தோடு கூடிய வெட்டி வேலை. உண்மையில் நாங்கள் அளப்பது கடலின் சூட்டை. தண்ணீர் சூடேறினால் ஒலி முந்தி வரும், குளிர்ந்தால் பிந்தும்.

மேலே வெப்பமும் அடியில் அழுத்தமும் ஒலியை வளைத்து நடு அடுக்குக்கே தள்ளிவிடுவதால், அது ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியும் வந்து சேரும். வருகிற விதம்தான் எனக்குப் பிடிக்காது. முதலில் மெலிதாக, பிறகு பலமாக, இன்னும் பலமாக, சட்டென்று ஒன்றுமில்லை. யாரோ கதவுவரை நடந்து வந்து நின்றுவிட்டது போலிருக்கும்.

அன்று காலை பத்தரைக்குப் புயலில் கப்பலின் வானொலித் தொடர்பு அறுந்தது. நான் ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். பத்து ஐம்பதுக்கு ஒலி வந்தது. கருவி தானாக முழங்கினால் இரண்டு நிமிடத்துக்கு ஒன்றுதான் வரும். இதுவோ மூன்று, ஒரு இடைவெளி, பிறகு ஒன்று. எங்கள் வீட்டுக்கு வந்தால் அவன் தட்டுகிற தட்டு. கருவியின் பொத்தானைக் கையால் அழுத்துகிறான்.

தங்கைக்கு போன் போட்டு, உயிரோடு இருக்கிறான் என்றேன். அவள் நம்பவில்லை. ஸ்பீக்கரைப் போட்டு போனை அதன் முன்னால் பிடித்தேன். அழுதுகொண்டே சிரித்தாள்.

பத்து ஐம்பத்தெட்டுக்கு மேலாளர் ஒரு தாளை என் மேசையில் வைத்தார். மீட்பு விமானத்திலிருந்து வந்த செய்தி. அவர்கள் கண்ணெதிரே கப்பல் பத்து நாற்பத்தொன்பதுக்கு மூழ்கிவிட்டது. யாரும் வெளியே வரவில்லை.

மூன்று, இடைவெளி, ஒன்று. மேசை அதிர்ந்தது.

தினமும் கணக்குப் போடுகிற எனக்கே மறந்துபோயிருந்தது. அங்கிருந்து இங்கே வர ஒலிக்குப் பதினைந்து நிமிடம் ஆகும். நான் கேட்டுக்கொண்டிருந்தது பத்து நாற்பத்துமூன்றை. அவன் போய்ச் சேர்ந்துவிட்டான், அவன் தட்டியது இன்னும் கடலுக்குள் வந்துகொண்டிருந்தது. மிஞ்சிப்போனால் இன்னும் ஆறு நிமிடம் வரும். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"அக்கா, நாம பேசறது அவருக்குக் கேக்குமா?"

"கேக்காதுடி."

"பரவால்ல. போன வெக்காத, நான் கேட்டுட்டே இருக்கேன்."

மேலாளர் ஸ்பீக்கரை அணைக்கக் கை நீட்டினார். அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் தங்கைக்கு இன்னும் ஐந்து நிமிடம் புருஷன் இருந்தான்.